சொக்கேகிராவ் மலைப்பயணம்: நான்கு நாளா, ஐந்து நாளா?

(திரையில்: மலை விளிம்பிலிருந்து ட்ரோன் காட்சி. வெகு கீழே நூல் மாதிரி ஓர் ஆறு.)

வணக்கம். இது பெரு நாட்டின் அபூரிமாக் பள்ளத்தாக்கு. எதிர் மலையின் தோளில், பச்சைக்கு நடுவே வெளிறிய திட்டு ஒன்று தெரிகிறதா? அதுதான் சொக்கேகிராவ், ஸ்பானியர் வருமுன் இந்த மலைகளை ஆண்ட இன்காக்கள் கட்டிய மலை நகரம். பார்க்கப் பக்கத்தில் இருக்கிற மாதிரிதான் இருக்கும். ஆனால் போய்ச் சேர இரண்டு நாள் ஆகும். நடுவில் இருக்கும் ஆறு வரை முழுக்க இறங்கி, மறுபடி முழுக்க ஏற வேண்டும்.

இன்காக்களின் இன்னொரு புகழ்பெற்ற நகரமான மச்சு பிச்சுவுக்கு ரயில் உண்டு, பஸ் உண்டு. இங்கே சாலையே கிடையாது. கேபிள் கார் வரப்போகிறது என்று பல வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அமெரிக்கர் ஹைரம் பிங்கம் 1911-இல் மச்சு பிச்சுவுக்குப் போனது எல்லோருக்கும் தெரியும். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1909-இல், அவர் இங்கே ஏறி வந்துவிட்டார்.

(திரையில்: பாதையின் உயர வரைபடம். ஆங்கில எழுத்து 'வி' போன்ற கோடு.)

கணக்கு இதுதான். நடை தொடங்கும் கப்புலியோக் சுமார் 2,900 மீட்டர். ஆற்றங்கரையில் பிளாயா ரோசலினா 1,500 மீட்டர். மேலே இடிபாடுகள் ஏறத்தாழ 3,050 மீட்டர். போக வர சுமார் 60 கிலோமீட்டர். தூரத்தைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் 1,400 மீட்டர் இறக்கம், 1,500 மீட்டர் ஏற்றம், திரும்பும்போது அதே மாதிரி இன்னொரு தடவை. முதல் நாள் இறக்கத்திலேயே முழங்கால் பேச ஆரம்பித்துவிடும். கைத்தடி இரண்டு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

சரி, இதற்குத் தனி வழிகாட்டி தேவையா? மச்சு பிச்சுவுக்கு நான்கு நாள் நடக்கும் இன்கா பாதையில் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் விடவே மாட்டார்கள். சுமை தூக்குபவர்களையும் சேர்த்து நாளுக்கு 500 பேர்தான், மாதக்கணக்கில் முன்பதிவு. சொக்கேகிராவில் அந்தக் கெடுபிடி எதுவும் இல்லை. பாதை தெளிவாகவே இருக்கும். பழக்கப்பட்டவர்கள் கூடாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு தாங்களாகவே போய்வருகிறார்கள்.

அப்படியிருந்தும் உங்களுக்கு மட்டும் வழிகாட்டி வைத்து, தனிக் குழுவாகப் போங்கள் என்றுதான் சொல்வேன். சொகுசுக்காக இல்லை, கடிகாரத்துக்காக. பள்ளத்தாக்கின் அடிப்பகுதி பகல் நேரத்தில் அடுப்பு. மறுகரையிலிருந்து, இடிபாடுகளுக்குப் பக்கத்துக் குடியிருப்பான மரம்பாட்டா வரை போகும் செங்குத்து ஏற்றத்தில் நிழல் குறைவு. காலை எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும் பெரிய குழு உச்சி வெயிலில் அந்த ஏற்றத்தில் மாட்டிக்கொள்ளும். நீங்கள் மட்டும் என்றால் நான்கு மணிக்கே தலையில் டார்ச் கட்டிக்கொண்டு கிளம்பலாம். வழியில் மூச்சு வாங்கினால் உட்காரலாம், யாரும் முறைக்க மாட்டார்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். விற்பனைக்கு வருவதில் பல நான்கு நாள் திட்டம். அதில் இடிபாடுகளுக்குக் கிடைப்பது அரை நாள். அங்கேதான் ஏமாறுவோம்.

(திரையில்: படிப்படியாக இறங்கும் கல் திட்டுகள். மெதுவாக நெருங்கும் காட்சி.)

இந்தச் சுவரைப் பாருங்கள். கருத்த கற்களுக்கு நடுவே வெள்ளைக் கல் பதித்திருக்கிறார்கள். கொஞ்சம் பின்னால் வந்தால் நீண்ட கழுத்து, நான்கு கால். லாமா! ஒன்றல்ல, இருபதுக்கும் மேல். படிப்படியான திட்டுகளில் வரிசையாக மலையேறுகிற மாதிரி நிற்கின்றன. இன்காக் கட்டுமானத்தில் இப்படி உருவம் பதிப்பது அபூர்வம். காடு மூடிக் கிடந்த இந்தத் திட்டுகள் வெளியே வந்ததே இந்த நூற்றாண்டில்தான்.

இவை இருப்பது நகரத்தின் முற்றத்தில் இல்லை. அங்கிருந்து மறுபக்கச் சரிவில் செங்குத்தாக இறங்க வேண்டும். பார்த்துவிட்டு அதே படிகளில் ஏறி வர வேண்டும். அரை நாள்காரர்கள் முற்றத்தைப் பார்த்து, தட்டையாக்கிய குன்றின் மேல் நின்று படம் எடுத்துத் திரும்பிவிடுவார்கள். அதனால் ஐந்து நாளாகக் கேளுங்கள். மரம்பாட்டாவில் இரண்டு இரவு, நடுவில் முழுப் பகலும் இடிபாடுகளுக்கு. கூடுதல் செலவு ஒரு நாள் கூலியும் சாப்பாடும்தான்.

(திரையில்: குஸ்கோ நகரத் தெரு.)

அப்புறம் உயரம். இதில் ஒரு வேடிக்கை: நீங்கள் வந்து இறங்கும் குஸ்கோ 3,400 மீட்டர், இடிபாடுகளைவிட உயரம். தலைவலி வந்தால் இங்கேதான் வரும். குறைந்தது இரண்டு நாள் குஸ்கோவில் சும்மா இருங்கள். ஹோட்டலில் தரும் கோக்கா இலைத் தேநீரைக் குடியுங்கள், மாடிப்படியில் ஓடாதீர்கள். மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். அப்படியே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியும். பெருவிலிருந்து நேரே இந்தியா திரும்பும்போது அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும்.

மாதம்? மே முதல் செப்டம்பர் வரை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை மழை, மண்சரிவு. வேண்டாம்.

பேரம் பேசும்போது விலைக்கு முன்னால் கோவேறு கழுதையைப் பற்றிக் கேளுங்கள். சாமான் சுமக்கும் கழுதைகள் பெரும்பாலும் விலையிலேயே அடங்கும். சவாரிக்கு, அதாவது உங்களில் ஒருவருக்குக் கால் பிசகினால் ஏற்றிவர, தனியாக ஒன்று வருகிறதா? அது இல்லாத தனிப் பயணத்துக்குப் பணம் கட்டாதீர்கள். நுழைவுச் சீட்டு சேர்ந்ததா, வழிகாட்டி ஆங்கிலம் பேசுவாரா, சாட்டிலைட் போன் உண்டா, இவற்றை எழுத்தில் வாங்குங்கள். சைவர்கள் கூடுதலாக ஒன்று சொல்ல வேண்டும். 'சின் கார்னே', இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் தட்டில் கோழி வரலாம். 'சின் போயோ', கோழியும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். உருளைக்கிழங்குக்கும் கினோவா என்கிற தானியத்துக்கும் அங்கே பஞ்சமில்லை.

ஆற்றோரத்தில் கடுகளவு ஈ ஒன்று உண்டு. இந்த மலை மக்களின் கெச்சுவா மொழியில் அதற்கு 'பூமாவை (மலைச்சிங்கத்தை) அழவைப்பது' என்று பெயர். கடித்த இடம் வாரக்கணக்கில் அரிக்கும். எவ்வளவு வெயிலாக இருந்தாலும் முழுக்கை, முழுக்கால் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பணம். மலையில் ஏடிஎம் கிடையாது. குஸ்கோவிலேயே பெருவின் பணமான சோல் நோட்டுகளைச் சில்லறையாக மாற்றிக்கொள்ளுங்கள். வழியில் ஒரு வீட்டுத் திண்ணையில் குளிர்பானம் வாங்கினால் நூறு சோலுக்கு யாரிடமும் மீதி இருக்காது. ஐந்தாம் நாள் கப்புலியோக் ஏறி முடித்ததும் கழுதைக்காரர் சாமானை இறக்கிவிட்டு ஊரைப் பார்க்கப் போய்விடுவார். அவருக்குக் கொடுக்க வேண்டியதைத் தனி உறையில் போட்டு, மேல் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள்.