படத்தில் இருப்பவர் கோட்டு போட்டிருக்கிறார்

நடுவர் அவர்களே, எதிரணியில் எனக்கு முன் பேசிய அக்கா அவர்களே, மணி ஒன்பதைத் தாண்டியும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பினாங்கு மக்களே, வணக்கம்.

"மறைந்த பெரியவரை நம்மோடு வைத்திருப்பது வீட்டில் மாட்டிய படமா, அவர் நடந்த வழியா?" இதுதான் தலைப்பு. நடந்த வழியே என்று பேச வந்திருக்கிறேன். அக்கா படத்துக்காகப் பேசினார். படத்தின் முன்னால்தான் குடும்பம் கூடுகிறது, திதி கொடுக்கிறோம், தென்புலத்தாரை வள்ளுவரே முதலில் வைத்தார் என்றார். மலை சரியும், பாதையை மூடுவார்கள், படம் சுவரில் அப்படியே இருக்கும் என்றும் சொன்னார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். நன்றாகப் பேசினால் தட்டத்தானே வேண்டும்?

சரி, முதலில் எங்கள் வீட்டுப் படத்துக்கே வருகிறேன்.

எங்கள் தாத்தா 2019-ல் காலமானார். 81 வயது. பதினாறாம் நாளுக்குப் படம் வேண்டுமென்று வீட்டையே புரட்டிப் போட்டோம். அவர் தனியாக நின்று எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. கடைசியில் ஐசியில், அதாவது அடையாள அட்டையில், இருந்த படத்தைக் கொண்டுபோய் ஸ்டூடியோவில் கொடுத்தோம். பெரிதாக்கிக் கொடுத்தார்கள். சும்மா கொடுக்கவில்லை, கம்ப்யூட்டரிலேயே ஒரு நீலக் கோட்டும் சிவப்பு டையும் மாட்டிக் கொடுத்தார்கள். நடுவர் அவர்களே, தாத்தா ஆயுசில் கோட்டு போட்டதில்லை. என் கல்யாணத்துக்கே அரைக்கைச் சட்டையில்தான் வந்தார். பாட்டி படத்தைப் பார்த்துவிட்டு, "யாருடா இந்த வக்கீலு?" என்று கேட்டார். இத்தனை வருடமாக அந்த வக்கீலுக்குத்தான் எங்கள் வீட்டில் கற்பூரம் காட்டுகிறோம்.

அதோடு, அந்தப் படம் மார்போடு முடிந்துவிடுகிறது. தாத்தாவிடம் பார்க்க வேண்டியது அவருடைய கால்.

தாத்தா பட்டர்வொர்த்துக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடிக்க வேண்டும். ஏறிவிட்டால் பட்டைக்குள் அழுத்தம் குறைந்து பால் ஓட்டம் மந்தமாகிவிடும். அதனால் நாலு மணிக்கு எழுந்தே பழகிய உடம்பு. அப்புறம் தோட்டத் துண்டாடல் வந்தது. இளையவர்களுக்காகச் சொல்கிறேன், வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போன காலம் அது. அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அதனால்தான். ஆனால் ஒரு சங்கம் எத்தனை தோட்டத்தை வாங்கும்? தாத்தாவின் தோட்டம் போய்விட்டது. ஒரு தகரப் பெட்டியோடு ஃபெரி ஏறி இந்தக் கரைக்கு வந்தார். வேலை மாறியது, நாலு மணி மாறவில்லை. எழுந்து உட்கார்ந்தால் வெட்ட மரம் இல்லை. அந்த மனிதர் என்ன செய்வார்? மலை ஏறினார்.

தாவரவியல் பூங்கா வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் வட்டமாக ஒரு கல் வாசல் இருக்கிறதே, மூன் கேட், அங்கேதான் தொடக்கம். காட்டுவழியாக ஏறி, மலையேறிகள் 'எண்பத்துநாலு' என்று சொல்லும் இடத்தில் ஜீப் ரோட்டைப் பிடித்து, அப்படியே கொடிமலை உச்சி, பினாங்கு ஹில் என்கிறோமே அதுதான். 833 மீட்டர். ரயில் 1923-லிருந்தே ஓடுகிறது. "உக்காந்துகிட்டுப் போறதுக்கு எதுக்குடா மலை? லிஃப்ட் போதாதா?" என்பார்.

காலில் அடிடாஸ் கம்போங். இந்தச் சபையில் அதை விளக்க வேண்டியதில்லை. கறுப்பு ரப்பர் சப்பாத்து, அடியில் முள்முள்ளாக, தோட்டத்தில் போடுவது. என்னுடைய விலை கூடிய சப்பாத்து ஈரப் பாறையில் வழுக்கும், அவருடையது பல்லி மாதிரி ஒட்டிக்கொள்ளும். "நான் வெட்டுன பாலுடா, என்னைய கீழ விடுமா?" என்பார். ஓடையைத் தாண்டியதும் எப்போதும் ஒரே பாறைமேல்தான் உட்காருவார். சப்பாத்தைக் கழற்றிக் கவிழ்த்து, பாறையில் இரண்டு தட்டு தட்டுவார். மண் உதிரும். மூன்றாவது தட்டு கிடையாது. இடது குதிகாலில் சைக்கிள் டியூப் ஒட்டு ஒன்று இருக்கும், அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடுவார்.

இது எனக்கு வீட்டில் ஞாபகம் வருவதில்லை என்பதுதான் விஷயம். படத்தின் முன்னால் கண்ணை மூடி நின்றால் எனக்கு வருவது ஊதுவத்திப் புகையும், சாப்பாடு எப்போது என்ற யோசனையும்தான். பொய் சொல்வானேன்? அதே நான் அந்தப் பாறைக்குப் போனால் காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றுகிறேன். இரண்டு தட்டு. யாரும் சொல்லிக் கொடுக்காமலே கை செய்கிறது.

ஏழு வயதில் முதல்முறை கூட்டிப்போனார். பாதி ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது, அழுதேன். ஓய்வெடு என்று அவர் சொல்லவில்லை. "மேல பாரு, கண்ணாடி போட்ட வாத்தியாரு உன்னைய பாக்குறாரு" என்றார். பார்த்தால் கிளையில் லொத்தோங் குரங்கு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். அதன் மடியில் ஆரஞ்சு நிறத்தில் குட்டி. பொன்னாகப் பிறந்து போகப்போகக் கறுக்கும், நம்மைப் போலத்தான் என்று சிரித்தார். அழுகையை மறந்து அடுத்த வளைவுக்கு வந்துவிட்டேன். இப்போதும் அங்கே மூச்சு வாங்குகிறது, வயது கூடிவிட்டதே. நின்று மேலே பார்க்கிறேன்.

வள்ளுவரை அக்கா இழுத்தார். தென்புலத்தாரை முதலில் வைத்தார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குறளில் ஆணியும் சுவரும் எங்கே இருக்கின்றன? 'ஓம்பல்' என்றார் ஐயா, 'மாட்டல்' என்று சொல்லவில்லை! நம் முன்னோர் போரில் விழுந்தவனுக்குக் கல் நட்டார்களே, கூடத்திலா நட்டார்கள்? வழியோரத்தில் நட்டார்கள். பெயர் பொறித்து, மயில்பீலி சூட்டி, போகிறவர் வருகிறவர் நின்று பார்க்கும்படி நட்டார்கள். நடுகல் நட்ட கூட்டத்துக்கு வழியின் அருமையை நான் சொல்லவா வேண்டும்?

முட்டி வலிக்கிறவர்களும் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறவர்களும் என்ன செய்வார்கள் என்று அக்கா கேட்டார். அவர்களுக்குப் படம் இருக்கட்டும், நான் பிடுங்க வரவில்லை.

மலை சரிந்தால் என்ற கேள்விதான் கெட்டிக்காரக் கேள்வி. 2017 நவம்பரில் கொட்டிய மழையை இங்கே யார் மறந்திருப்போம்? கொடிமலையில் பல இடங்களில் மண் சரிந்தது. தாத்தாவுக்கு அப்போது 79. விடுகிற தூரம்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, அன்று பேசவே இல்லை. சில மாதம் கழித்து என்னைக் கூட்டிப்போனார். செம்மண் தெரிந்த சரிவில் அகல இலையோடு கன்றுகள் கிளம்பியிருந்தன. மாஹாங். "காடு போன எடத்துல மொதல்ல வர்றவன் இவன்தான். இவன் நெழல் குடுத்தாத்தான் மத்தவன் வருவான்" என்றார். ஃபெரி ஏறி வந்தவர் சொன்னதால் அது எனக்கு வேறு மாதிரியும் கேட்டது. அக்கா, பாதை சரிந்த இடத்தில்தான் அவர் எனக்கு அதிகம் பேசியிருக்கிறார்.

ஒரு குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். கடைசி வருடம், மலைக்குப் போகலாமா என்று கேட்டார். கால் வீங்கியிருந்தது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளி, ஒருநாள் ரயிலில் கூட்டிப்போனேன். 2011-ல் வந்த புது ரயில், சில நிமிடத்தில் உச்சி. கண்ணாடியில் நெற்றியை வைத்து மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். மேலே இறங்கியதும், "இது வந்தது இல்லடா, கொண்டாந்து வச்சது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. பதினாறாம் நாள் முடிந்து வீட்டைக் கழுவியபோது அந்தச் சப்பாத்தைக் குப்பையில் போட்டதும் நாங்கள்தான். படத்துக்குச் சட்டம் போட்ட அதே வாரம்.

மணி அடிக்கப் போகிறார்கள், ஒன்றே ஒன்று. தாவரவியல் பூங்காவில் நாகலிங்க மரம் இருக்கிறது. 1884-ல் தொடங்கிய பூங்கா. தாத்தா இறங்கி வரும்போது அந்த மரத்தடியில் விழுந்த பூவை எடுத்து, படமெடுத்த பாம்பு போலக் கவிந்திருக்கும் மேல் மடலை நகத்தால் தூக்கி, உள்ளே குட்டி லிங்கத்தைக் காட்டுவார். போன மாதம் என் மகளை அழைத்துப் போனேன். ஆறு வயது, தாத்தாவைப் பார்த்ததே இல்லை. மடலைத் தூக்கிக் காட்டினேன். பூவை வீடுவரை கையில் பொத்திக்கொண்டு வந்து, ஸ்டூல் போட்டு ஏறி, அந்த வக்கீல் படத்துக்கு வைத்தாள்.

பொறுங்கள், பொறுங்கள், எதிரணி அதற்குள் கைதட்ட வேண்டாம். பூ எங்கிருந்து வந்தது? அதைச் சொல்லிவிட்டுத் தட்டுங்கள், அக்கா.