தோல் நோய்க்கு வந்தவரிடம் தூக்கத்தைப் பற்றி ஏன் கேட்கிறோம்?

நேயர்களுக்கு வணக்கம்.

தோல் மருத்துவரிடம் வருகிறவர்கள் எந்த சோப்பு போடுகிறார்கள், என்ன எண்ணெய் தேய்க்கிறார்கள், எதைச் சாப்பிட்டால் ஒத்துக்கொள்வதில்லை என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். "ராத்திரி எத்தனை மணிக்குப் படுப்பீர்கள், நடுவில் விழிப்பு வருமா?" என்று கேட்டால் மட்டும் சற்றுத் திகைப்பார்கள். தோலுக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றுவது இயல்புதான். அந்தச் சம்பந்தத்தை விளக்கத்தான் இன்று வந்திருக்கிறேன். அதற்கு மெலடோனின் என்ற ஹார்மோனைப் பற்றிப் பேச வேண்டும்.

மெலடோனினைத் தூக்க ஹார்மோன் என்றுதான் எல்லோரும் அறிவோம். ஆனால் அதைக் கண்டுபிடித்தவர் ஒரு தோல் மருத்துவர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆரன் லெர்னர், 1958-இல் மாடுகளின் பினியல் சுரப்பியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். மூளையின் நடுவே இருக்கும் மிகச் சிறிய சுரப்பி அது. மாட்டின் பினியல் சுரப்பியைத் தவளையின் தலைப்பிரட்டைகளுக்குக் கொடுத்தால் அவற்றின் தோல் வெளுக்கிறது என்பதை வேறு இரண்டு ஆய்வாளர்கள் 1917-இலேயே எழுதியிருந்தார்கள். வெளுக்க வைக்கும் அந்தப் பொருள் எது என்று தெரிந்தால், நிறம் சம்பந்தப்பட்ட தோல் நோய்களுக்கு வழி பிறக்கும் என்பது லெர்னரின் எண்ணம்.

தவளையின் தோல் செல்லை நுண்ணோக்கியில் பார்த்தால் விஷயம் புரியும். மெலனின் என்ற கறுப்பு நிறமி, செல்லின் கிளைகளில் எல்லாம் பொடிப்பொடியாகப் பரவிக் கிடக்கும். மெலடோனின் பட்டதும் அந்தத் துகள்கள் கிளைகளை விட்டு நடுவே வந்து ஒரு புள்ளியாகச் சேர்ந்துகொள்ளும். கறுப்பு ஒடுங்கிவிடுவதால் தோல் வெளுத்துத் தெரியும். மனிதத் தோலில் இது நடப்பதில்லை. நம் நிறமி செல்கள் மெலனினைச் சுற்றியுள்ள மேல்தோல் செல்களுக்குக் கொடுத்துவிடுகின்றன. கொடுத்ததை இப்படி உடனே திரும்ப ஒடுக்கிக்கொள்ள வழியில்லை. லெர்னர் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது நிறம் மாறவில்லை, லேசான தூக்கக் கலக்கம்தான் வந்தது. ஆகவே மெலடோனின் நிறத்தை வெளுக்க வைக்கும் என்று யாராவது மாத்திரையோ கிரீமோ விற்க வந்தால் நம்பாதீர்கள்.

சரி, இது உடம்பில் எப்படி உண்டாகிறது? நாம் சாப்பிடும் புரதத்தில் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதிலிருந்து செரடோனின், செரடோனினிலிருந்து மெலடோனின். பொழுது சாய்ந்து வெளிச்சம் குறையும்போது, கண்ணின் விழித்திரையில் உள்ள சில சிறப்புச் செல்கள் மூளையின் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே சுரப்பு ஏறத் தொடங்கி, நள்ளிரவு தாண்டி உச்சத்துக்குப் போய், விடியும்போது இறங்கிவிடும். இந்த ஏற்றத்தைக் கெடுக்கப் பெரிய வெளிச்சம் ஒன்றும் வேண்டாம். படுக்கும் முன்பு சாதாரண அறை விளக்கு வெளிச்சத்தில் இருந்தவர்களுக்கு, மங்கிய வெளிச்சத்தில் இருந்தவர்களைவிட மெலடோனின் சுரக்கும் காலம் ஒன்றரை மணி நேரம் அளவுக்குக் குறைந்ததை 2011-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இதுவரை சொன்னது மூளையின் கதை. தோல் தனக்கென்று சொந்தமாகவும் மெலடோனின் தயாரித்துக்கொள்கிறது. மேல்தோல் செல்கள், நிறமி செல்கள், கொலாஜனை உண்டாக்கும் அடித்தோல் செல்கள், முடியின் வேர்ப்பை என எல்லாவற்றிலும் அதற்கான ஏற்பாடு இருக்கிறது. மெலடோனினை உணரும் ஏற்பிகளும் தோலில் உள்ளன. ஓர் உறுப்பு ஒரு பொருளைத் தானே தயாரித்துத் தானே பயன்படுத்துகிறது என்றால், அதற்கு அங்கே வேலை இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அந்த வேலையில் முக்கியமானது வெயிலோடு தொடர்புடையது. புற ஊதாக் கதிர் தோலில் பட்டதும், செல்களுக்குள் ஃப்ரீ ராடிக்கல் எனப்படும் துடுக்கான மூலக்கூறுகள் நொடிப் பொழுதில் கிளம்பிவிடும். அவை செல்லின் சவ்வையும் புரதத்தையும் டிஎன்ஏவையும் தாக்கும். மெலடோனின் இவற்றைப் பிடித்துச் செயலிழக்க வைக்கிறது. அப்படிச் செய்யும்போது அது சிதைந்து வேறு பொருள்களாக மாறுகிறது. அந்தப் பொருள்களும் அதே வேலையைத் தொடர்கின்றன, எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இது. போதாததற்கு, செல்லுக்குள் இருக்கும் பாதுகாப்பு நொதிகளையும் மெலடோனின் ஊக்குவிக்கிறது.

மனிதத் தோலிலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். தோலின் ஒரு பகுதியில் மெலடோனின் பூசி, அதன் பிறகு புற ஊதாக் கதிர் படவைத்தால், பூசாத பகுதியைவிடச் சிவப்பு குறைவாக இருந்தது. கதிர் பட்ட பிறகு பூசியபோது பலன் கிடைக்கவில்லை. தாக்குதல் உடனே நடந்து முடிந்துவிடுவதால், மருந்து முன்கூட்டியே அங்கே இருந்தாக வேண்டும். இதைக் கேட்டு சன்ஸ்கிரீனுக்குப் பதில் மெலடோனின் கிரீம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. சன்ஸ்கிரீன் கதிரையே தடுக்கிறது, மெலடோனின் கதிர் உள்ளே வந்த பிறகு அதன் விளைவைக் குறைக்கிறது. இரண்டும் வேறு வேறு.

சுருக்கத்தைப் போக்கும், இளமையைத் திருப்பித் தரும் என்றெல்லாம் இப்போது மெலடோனின் கிரீம்கள் வருகின்றன. ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்லில் தெரிந்த பலன் வேறு, ஆண்டுக்கணக்கில் ஒருவர் முகத்தில் தெரியும் பலன் வேறு. முதலாவதுக்கு நிறையச் சான்று இருக்கிறது, இரண்டாவதுக்கு இன்னும் போதாது. முடி உதிர்வுக்கு மெலடோனின் கரைசல் பூசிய சிறிய ஆய்வுகளில் ஓரளவு நல்ல பலன் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்லலாம்.

என் மனதை அதிகம் பிடித்திருப்பது அரிப்பு. இரவில் தோலின் நிலையே மாறிவிடுகிறது. தோலின் சூடு ஏறும், ரத்த ஓட்டம் கூடும், தோல் வழியாக நீர் வெளியேறுவதும் கூடும். வீக்கத்தை அடக்கி வைக்கும் கார்டிசால் அப்போது மிகக் குறைவாக இருக்கும். அதனால்தான் பகலில் ஏதோ சமாளித்தவருக்குக்கூட ராத்திரியானால் அரிப்பு தாங்குவதில்லை. எக்ஸிமா என்று சொல்லும் கரப்பான் வந்த குழந்தையைப் பாருங்கள். அசந்து தூங்குவது போல இருக்கும், ஆனால் கை மட்டும் முழங்கையின் உள்மடிப்பைத் தேடிப் போய்ச் சொறிந்துகொண்டே இருக்கும். தாய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருப்பார். காலையில் படுக்கை விரிப்பில் ரத்தப் பொட்டுகள் இருக்கும், சுரண்டி விழுந்த தோல் துகள்கள் இருக்கும். சொறிந்ததால் தோல் கிழிகிறது, கிழிந்த தோல் மேலும் அரிக்கிறது, அரிப்பால் தூக்கம் போகிறது. தூக்கம் கெட்டால் தோலின் மேல் அரண் சேதத்திலிருந்து மீள்வதும் தாமதமாகிறது.

தைவானில் இப்படிப்பட்ட 48 குழந்தைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் ஓர் ஆய்வு நடந்து, 2016-இல் வெளியானது. 4 வாரம் தினமும் படுக்கும்போது 3 மில்லிகிராம் மெலடோனின், இன்னொரு 4 வாரம் மருந்தில்லாத போலி மாத்திரை. மெலடோனின் எடுத்த காலத்தில் 21 நிமிடம் அளவுக்கு முன்னதாகவே தூக்கம் வந்தது. நோயின் தீவிரத்தை அளக்கும் குறியீட்டு எண்ணும் 9 புள்ளி அளவுக்குக் கூடுதலாக இறங்கியது. தூக்கம் அதிகம் முன்னேறிய குழந்தைக்குத்தான் தோலும் அதிகம் முன்னேறியது என்று சொல்ல முடியவில்லை. அப்படியானால் தூக்கத்தின் வழியாக மட்டுமில்லாமல், தோலின் மேல் நேரடியாகவும் மெலடோனின் வேலை செய்திருக்கலாம். சிறிய ஆய்வுதான், குறுகிய காலம்தான். ஆனாலும் கரப்பானுக்கு மருந்து எழுதும்போது, தூக்கத்தையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற என் எண்ணத்துக்கு இது வலு சேர்க்கிறது.

வீட்டில் என்ன செய்யலாம்? படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே தலைக்கு மேல் எரியும் வெள்ளை விளக்கை அணைத்துவிட்டு, ஓரமாக ஒரு மங்கலான மஞ்சள் விளக்கைப் போடுங்கள். கைபேசியை மூடி வையுங்கள். காலையில் கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் இருங்கள், மூளையின் கடிகாரம் சரியாக ஓட அதுவும் தேவை. கரப்பான் உள்ள குழந்தையை இளம் வெந்நீரில் சுருக்கமாகக் குளிப்பாட்டி, ஈரம் முழுக்கக் காயும் முன் மாய்ஸ்சரைசர் பூசி, நகத்தை ஒட்ட வெட்டிவிட்டுப் படுக்க வையுங்கள். இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்கள் ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டு அறையை நன்றாக இருட்டாக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், மாத்திரையைப் பற்றி. கடையில் கிடைக்கிறதே என்று நீங்களாக வாங்கி, முக்கியமாகக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். கனடாவில் 31 வகை மெலடோனின் மாத்திரைகளையும் திரவங்களையும் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். லேபிளில் இருந்த அளவைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவீதம் கூடுதலாக இருந்ததும் உண்டு. 8 வகைகளில் செரடோனினும் கலந்திருந்தது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், வலிப்பு நோய்க்கோ மனச்சோர்வுக்கோ மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் மெலடோனினைத் தொடவே கூடாது. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.