ரப்பர் குழாய்க்குள்ள போற அயோடின் எங்க மறையுது?

அடுத்த கேள்வி. "ரப்பர் குழாய் மாட்டின பியூரெட்ல அயோடின் கரைசலை ஊத்தினா ரீடிங் ஒத்துப் போகல, குழாயும் கறுத்து விறைச்சுடுது. ரப்பர் அயோடினை உறிஞ்சுதா, இல்ல அதோட வினை புரியுதா?"ன்னு கேட்டிருக்கீங்க. (பியூரெட்னா, கரைசலைச் சொட்டுச் சொட்டா விட்டு அளக்கிற, அளவு குறிச்ச கண்ணாடிக் குழாய்.)

ரெண்டும்தான். ஆனா ரீடிங்கைக் கெடுக்கறது முதல்ல நடக்கிற உறிஞ்சல். இயற்கை ரப்பர்ங்கிறது பாலிஐசோப்ரீன், அதாவது ஐசோப்ரீன்ங்கிற சின்ன அலகுகள் சங்கிலியா கோத்த ஹைட்ரோகார்பன். அயோடினுக்குத் தண்ணியை விட அதுக்குள்ள கரையறது சுலபம். கார்பன் டெட்ராகுளோரைடு ஊத்திக் குலுக்கினா அயோடின் கீழ் அடுக்குக்குப் போய் ஊதாவா நிக்குமே, அதே மாதிரிதான். "பொட்டாசியம் அயோடைடு போட்டுக் கரைச்சிருக்கோமே, எல்லாம் டிரை-அயோடைடு அயனியாத்தானே (அயோடினும் அயோடைடும் சேர்ந்தது) இருக்கு?"ன்னு தோணும். அந்த அயனி ரப்பருக்குள்ள போகாது, சரி. ஆனா தனி அயோடின் உள்ள போகப் போக, சமநிலை நகர்ந்து டிரை-அயோடைடு உடைஞ்சு புது அயோடினைக் கொடுத்துக்கிட்டே இருக்கும்.

5 மி.மீ. உள்விட்டம், 5 செ.மீ. நீளம்னா குழாய்க்குள்ள ஏறக்குறைய 1 மி.லி. நிக்கும். நீர்த்துப் போறது அந்த 1 மி.லி.தான். அதனால டைட்டர், அதாவது வினை முடிய பியூரெட்ல இருந்து விட வேண்டிய அளவு, கூடுதலா வரும். குழாயைக் கழுவிட்டு, பொட்டாசியம் அயோடைடு கலந்த ஸ்டார்ச் கரைசலை அதுல கொஞ்ச நேரம் நிறுத்திப் பாருங்க, நீலம் ஏறும். உள்ள போனதுல ஒரு பகுதி திரும்ப வெளிய கசியுதுன்னு அர்த்தம்.

வினைன்னு பார்த்தா, ஒவ்வொரு ஐசோப்ரீன் அலகுலயும் ஒரு இரட்டைப் பிணைப்பு இருக்கு. கணக்குப்படி 100 கிராம் தூய ரப்பர் 373 கிராம் அயோடினை ஏத்துக்கணும். வெறும் அயோடின் ரொம்ப மெதுவா, மீளக்கூடிய விதத்துலதான் சேரும். அயோடின் எண் (100 கிராம் பொருள் எத்தனை கிராம் அயோடினை ஏத்துக்கும்ங்கிற கணக்கு) கண்டுபிடிக்க அயோடின் மோனோகுளோரைடு போடறது இதனாலதான். புரோமின் காத்திருக்காது, உடனே சேர்ந்துடும். புரோமின் பாட்டிலுக்கு ரப்பர் கார்க் போட்டா கெட்டியாகி விரிசல் விட்டுடும்.

குளோரின் கொஞ்சம் வேற ரகம். அது இரட்டைப் பிணைப்புல மட்டும் சேர்ந்திருந்தா, எடையில 51 சதவீதத்துக்கு மேல குளோரின் ஏறாது. பெயின்ட்டுக்குப் போற குளோரினேற்ற ரப்பர்ல சுமார் 65 சதவீதம் இருக்கு. அப்போ ஹைட்ரஜனை விரட்டிட்டும் உட்காருது, கூடவே ஹைட்ரஜன் குளோரைடு வெளிய வருது, சங்கிலி வளையமாவும் மடங்குது. பவுடர் போடாத ரப்பர் கையுறை பலதும் வழுவழுன்னு இருக்கறது மேற்பரப்புல செய்யற இந்தக் குளோரினேற்றத்தால. அளவு மீறினா மஞ்சளாகி, இழுத்தா கீறல் விடும்.

சரி, லேப்ல என்ன பண்றது? அயோடினைக் கூம்புக் குடுவையில எடுங்க, அதோட வினை புரியற தயோசல்ஃபேட்டை பியூரெட்ல ஊத்துங்க. இல்லன்னா கண்ணாடி, டெஃப்ளான் ஸ்டாப்காக் (திருகு குழாய்) இருக்கிற பியூரெட். சிலிகான் குழாய் மாட்டினா போதும்னு நினைக்காதீங்க. அதுல இரட்டைப் பிணைப்பு இல்ல, விறைக்காது, ஆனா அயோடினை அதுவும் உறிஞ்சும்.