அலுமினிய கேனை ஏன் ஆசிட்டில் கழுவுகிறார்கள்?

(திரையில்: புது கேன், உள்பக்கம் நெருக்கமாக)

இப்போதுதான் இயந்திரத்திலிருந்து வந்த குளிர்பான கேன் இது. வெளியே பளபளப்பு, ஆனால் உள்ளே விரலை விட்டுத் தேய்த்தால் கறுப்பாக ஒட்டும். தகட்டைக் கிண்ணமாக அடித்து, அதை வளையங்களுக்குள் தள்ளி, சுவர் கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டருக்கு வரும்வரை இழுக்கிறார்கள் அல்லவா, அந்த உராய்வில் உதிர்ந்த அலுமினியப் பொடியும் எண்ணெயும் குழைந்ததுதான் அந்தக் கறுப்பு. இதன்மேல் மையும் பிடிக்காது, உள்ளே பூசும் லாக்கர் என்ற காப்புப் பூச்சும் பிடிக்காது.

(திரையில்: வலைப் பெல்ட்டில் கவிழ்ந்த கேன்கள்)

சரி, வாஷருக்குள், அதாவது கேன் கழுவும் இயந்திரத்துக்குள் போவோம். கேன்கள் கவிழ்ந்தபடி நெருக்கமாக நகர்கின்றன. மேலே கீழே இரண்டு பக்கமும் நாசில்கள் பீய்ச்சுகின்றன, கீழிருந்து வருவது வலை வழியாக நேராக கேனுக்குள் ஏறும். கேன் அவ்வளவு லேசானது, கீழ் அழுத்தம் கொஞ்சம் மீறினால் போதும், சாய்ந்துவிடும். சாய்ந்த கேனுக்குள் எதுவும் ஒழுங்காகப் போய்ச் சேராது.

முதலில் ஒரு அலசல். அப்புறம்தான் ஆசிட்.

இந்தக் கட்டத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். எண்ணெயை மட்டும் எடுக்க சோப்பு வகை போதும், ஆனால் உலோகத்தில் அழுந்திப்போன பொடி அதற்கு அசையாது. அலுமினியத்தின் மேல் எப்போதும் ஒரு ஆக்சைடு தோல் வேறு இருக்கிறது. அதனால் பல ஆலைகளில் சூடான கந்தக அமிலத்தோடு கொஞ்சம் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் சேர்க்கிறார்கள்: ஃபுளோரைடு அந்தத் தோலை உடைக்கும், அடியில் மிக மெல்லிய ஓர் அடுக்கு உலோகம் கரையும், அதில் ஒட்டியிருந்த பொடியும் கூடவே கழன்று வந்துவிடும். அளவு மீறினால் வேறு தொல்லை. மேற்பரப்பு சொரசொரப்பாகி, கேன்கள் ஒன்றோடொன்று உரசி, பாதையில் அடைத்துக்கொள்ளும்.

பிறகு வரிசையாக அலசல்கள். கடைசி அலசலுக்கு உப்பு நீக்கிய தண்ணீர்தான், சாதாரணத் தண்ணீர் என்றால் காய்ந்ததும் திட்டுத் திட்டாகக் கறை விடும். அங்கே சேரும் தண்ணீரையும் வீணாக்குவதில்லை, முந்தைய அலசலுக்குத் திருப்பி விடுகிறார்கள். கேன் முன்னே போக, தண்ணீர் பின்னே வருகிறது. அருமையான ஏற்பாடு!

(திரையில்: கையில் ஈரமான கேன்)

அடுப்பில் உலர்ந்து பிரின்டிங்குக்குப் போகும் முன், சுத்தம் வந்ததா என்று எப்படித் தெரியும்? கேனைத் தண்ணீரில் நனைத்துத் தூக்குங்கள். தண்ணீர் ஒரே படலமாகப் படர்ந்து நின்றால் சரி. எங்காவது பிரிந்து துளியாகத் திரண்டால், அந்த இடத்தில் எண்ணெய் இன்னும் போகவில்லை.