பாட்டி இல்லை, ஷார்தன்

திரையில் படம் விழுந்ததும் முன்வரிசையில் ஒரு அம்மா, "யாருங்க இந்தப் பாட்டி?" என்று பக்கத்தில் கேட்டது என் காதில் விழுந்தது. தப்பே இல்லை. தலையில் வெள்ளைத் துணிக்கட்டு, கழுத்தில் சுற்றிய துண்டு, மூக்கில் வட்டக் கண்ணாடி. போதாதென்று நெற்றிக்கு மேல் வெளிச்சம் கூசாமல் இருக்க ஒரு மறைப்பு.

இவர் ழான் சிமியோன் ஷார்தன். 1728இல் பிரெஞ்சு அரச ஓவியக் கழகத்தில் உறுப்பினர் ஆனவர். பின்னாளில் அதன் கணக்கு வழக்கையும் பார்த்தவர். தம்மையே இப்படி வரைந்துகொண்டபோது, 1775இல், அவருக்கு வயது 75. பாரிஸில் பொதுக் கண்காட்சிக்கும் அனுப்பினார். யோசித்துப் பாருங்கள், நாம் அடையாள அட்டைப் படத்துக்கே தலை வாரிக்கொண்டு போகிறவர்கள்.

வாழ்நாள் முழுக்க செப்புப் பானை, பழம், மீன் என்று எண்ணெய் வண்ணத்தில் தீட்டியவர். முதுமையில் கண் கெட்டது. வண்ணத்தில் இருந்த ஈயம்தான் காரணம் என்பார்கள். அப்புறம்தான் பாஸ்டலுக்கு வந்தார். நிறப்பொடியில் துளி பசை சேர்த்து உருட்டிய குச்சி அது. காகிதத்தில் பொடியாகத்தான் ஒட்டியிருக்கும், அழுத்தித் தொட்டால் விரலோடு வந்துவிடும். அதனால் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இந்தப் படம் காகிதத்தில் வரைந்த சித்திரங்களுக்கான பிரிவில், வெளிச்சம் அதிகம் படாமல் இருக்கிறது.

அந்தக் காலத்தில் பாஸ்டல் என்றால் மோரிஸ் கான்டன் த லா தூர்தான். அவர் தம்மை வரைந்த படத்தில் நீலக் கோட்டும் கழுத்தில் லேஸும் புன்னகையுமாக இருப்பார். கன்னம் வழவழவென்று இருக்கும். எனக்கு அது கொஞ்சம் அலுப்பு.

ஷார்தனின் கன்னத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். கோடு கோடாக இழுத்தது அப்படியே தெரிகிறது. சிவப்புக்குப் பக்கத்தில் நீலம், பச்சை. தேய்த்துக் கலக்கவே இல்லை. நாலடி பின்னால் வந்தால் சரியாக வயசான தோல் ஆகிவிடுகிறது. கண் மங்கியவர் கலக்கும் வேலையை நம் கண்ணிடம் விட்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றும்.

சரி, அடுத்த படம். 1779 வாக்கில் வரைந்தது. அந்த டிசம்பரில் இறந்துவிட்டார். அதே தலைக்கட்டு, அதே கண்ணாடி. ஆனால் இப்போது படத்தை நிறுத்தி வரையும் தாங்கி முன்னால் இருக்கிறது, கையும் தெரிகிறது. விரலிடுக்கில் ஒரு சிவப்புக் குச்சி.