லீவு விட்டாச்சு, எங்கேயும் போகவில்லை

எல்லாருக்கும் வணக்கம்! முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த வீடியோவில் மலை கிடையாது, அருவி கிடையாது, ஹோட்டல் ரூம் டூர் கிடையாது. தொடர்ந்து லீவு வருகிறது, மொத்தக் குடும்பமும் வீட்டில்தான் இருக்கிறது, வீட்டிலேயே கிடக்கப் போகிறோம், அவ்வளவுதான்.

கிடப்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும் என்பது என் கட்சி. என் தம்பி லீவு என்றால் பதினொரு மணிக்கு முன்னால் கண்ணைத் திறக்க மாட்டான். வார நாளெல்லாம் ஆறு மணிக்கு எழுகிற உடம்பை இப்படி இழுத்தால், அதற்குள் ஓடும் கடிகாரம் விமானத்தில் வேறு நாட்டுக்குப் போய் இறங்கிய மாதிரி குழம்பிப்போகும். ஜெர்மனியில் டில் ரோனபெர்க் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 2006-லேயே இதைப் பற்றி எழுதி 'சோஷியல் ஜெட்லாக்' என்றார்கள். ஞாயிறு ராத்திரி தூக்கம் வராமல் புரண்டுவிட்டு திங்கட்கிழமையைத் திட்டுகிறோமே, அது பாவம், பாதி வேலை சனிக்கிழமை காலையிலேயே நடந்து முடிந்துவிட்டது. அதனால் நான் கொஞ்சம்தான் தாமதமாக எழுவேன், மிச்சத்தை மதியம் இருபது நிமிடத் தூக்கத்தில் பிடித்துக்கொள்வேன். அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்தில் விழுந்து, எழும்போது இது காலையா சாயங்காலமா என்றே தெரியாமல் உட்கார்ந்திருப்போம், தெரியும்தானே?

அப்புறம் சமையல். எல்லாரும் சோபாவில் கிடக்க அம்மா மட்டும் அடுப்படியில் நின்றால் அது யாருக்கு லீவு? அதனால் இந்த முறை அம்மாவுக்குச் சமையலறையில் தடை போட்டோம். தடை ரொம்ப நேரம் நிற்கவில்லை. உப்பு எங்கே, கரண்டி எங்கே என்று தம்பி கத்திக்கொண்டே இருந்தால் யார்தான் உட்கார்ந்திருப்பார்கள்?

சாயங்காலம் ஆனால் மோனோபோலி, அதாவது பகடை உருட்டி, இடங்களை வாங்கி, அங்கே வந்து நிற்கிறவர்களிடம் வாடகை வசூலிக்கிற பலகை ஆட்டம். இதைப் பற்றித்தான் முக்கியமாகப் பேச வந்தேன், ஏனென்றால் இந்த ஆட்டம் முடிவதே இல்லை, நடுவில் யாராவது கோபித்துக்கொண்டு எழுந்து போனால்தான் உண்டு. பாட்டிதான் பேங்க், அவரிடம் கடன் கேட்டுப் பாருங்கள், தெரியும்! சரி, ஏன் இவ்வளவு இழுக்கிறது என்று விதிப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். ஒருவர் போய் நிற்கிற இடத்தை அவர் வாங்கவில்லை என்றால் அதை உடனே ஏலம் விட வேண்டுமாம். நம் வீடுகளில் யார் ஏலம் விடுகிறார்கள்? வரி, அபராதப் பணத்தையெல்லாம் நடுவில் குவித்து வைத்து 'ஃப்ரீ பார்க்கிங்' என்ற கட்டத்தில் வந்து நிற்கிறவருக்கு அள்ளிக் கொடுக்கிறோமே, அதுவும் விதியில் இல்லை. பணம் பேங்குக்குப் போகாமல் ஆட்டத்துக்குள்ளேயே சுற்றினால் யார் திவாலாவது, ஆட்டம் எப்போது முடிவது?

இன்னொன்று. இதற்கு மூலமான ஆட்டத்துக்கு லிசி மேகி என்ற அமெரிக்கப் பெண் 1904-இல் காப்புரிமை வாங்கினார், மோனோபோலியாகப் பெரிய அளவில் விற்பனைக்கு வந்தது 1935-இல். நிலத்தை வளைத்துப்போட்டவர் கொழுப்பார், வாடகை கட்டுகிறவர் நொடிப்பார் என்று காட்டத்தான் அவர் அதை உருவாக்கினார். ஆக, சண்டை வருவது நம் குடும்பக் கோளாறு இல்லை மக்களே, ஆட்டமே அப்படித்தான்.

இன்று ராத்திரி ஏல விதியைக் கொண்டுவரப் போகிறேன். தம்பி ஒத்துக்கொள்ள மாட்டான், விதிப் புத்தகத்தைப் பாட்டியிடம் கொடுத்து வைத்திருக்கிறேன்.