மாரிட்ஸ்பர்க்கில் ஒரு மே மாதச் சனிக்கிழமை

வணக்கம், நேயர்களே. என்னைப் பேசக் கூப்பிடுகிறவர்கள் வழக்கமாகத் தீமிதியைப் பற்றித்தான் கேட்பார்கள். தென்னாப்பிரிக்காவில் எங்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளி அன்று தீமிதி நடப்பது ஊரறிந்த விஷயம். தோட்டத்து வேலைக்காரர்களுக்கு அந்தக் காலத்தில் லீவு கிடைத்தது அந்த நாளில்தான். அம்மனும் அதற்கு ஒத்துக்கொண்டாள். இந்த முறை அதை விட்டுவிடுகிறேன். திருவிழா முடிந்து, குளிர் தொடங்குவதற்கு முன்னால் விசேஷம் எதுவும் இல்லாமல் ஒரு மே மாதம் வருகிறதே, அதில் ஒரு சனிக்கிழமையைப் பற்றிப் பேசலாம் என்று வந்தேன்.

பஞ்சாங்கத்தைப் பார்த்தால் அக்னி நட்சத்திரம். சென்னையில் இருப்பவர்கள் ஃபேனுக்கு அடியில் படுத்திருப்பார்கள். நாங்களோ பெட்டியிலிருந்து கம்பளியை எடுத்து வெயிலில் போடுகிறோம். இங்கே மழை எல்லாம் கோடையில்தான். ஏப்ரல் கழிந்தால் வானம் வெளுத்துவிடும். ஊர் பள்ளத்தில் இருப்பதால் விடிகாலையில் மூட்டமும் புகையும் மேலே போகாமல் வீட்டுக் கூரைக்குச் சற்று மேலேயே நிற்கும். காலையில் ஸ்வெட்டர், மத்தியானம் அரைக்கைச் சட்டை.

ஆறரை மணிக்குத்தான் சூரியன் வருகிறான். அப்போது டைகரைக் கூட்டிக்கொண்டு கிளம்புவேன். பெயர்தான் டைகர். குரங்கைக் கண்டால் என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் நாட்டுநாய். நாங்கள் இருப்பது நார்த்டேலில். யார் எங்கே குடியிருக்கலாம் என்று இனவாரியாகப் பிரித்த 1950ஆம் வருஷத்துக் குழுப்பகுதிச் சட்டத்தால் இந்தியர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட இடம். சட்டம் போய்விட்டது, மதில் வளர்ந்துவிட்டது. மதிலுக்கு மேல் மின்கம்பி, கேட்டில் காவல் கம்பெனியின் பலகை. இப்படிப்பட்ட தெருவில் கையை வீசிக்கொண்டு நடக்கிற ஆளை ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து பார்ப்பார்கள். நாயோடு நடந்தால் கேட்டைத் திறந்துகொண்டு வந்து பேசுவார்கள். மூன்றாவது வீட்டு அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனது, எதிர்வீட்டுப் பையன் ஜோஹானஸ்பர்க்கில் வேலைக்குப் போனது, இதெல்லாம் எனக்கு நாய் மூலமாகத் தெரிந்த சங்கதிகள்தான்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் பக்கத்து நாய்கள் கறுப்பர்களைக் கண்டால் அதிகமாகக் குரைக்கும். "நாய்க்குத் தானாகவே தெரியும்" என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எதிரே ஒரு ஸூலுக்காரர் வருவதைக் கண்டதும், நாயைப் பிடித்திருக்கிறவருடைய கை தானாகவே வாரை ஒரு சுற்று சுற்றிக்கொள்கிறது. கழுத்தில் இறுகுகிறதே, நாய்க்கு அது போதாதா? டாக்ஸிக்காக முனையில் நிற்கிற பெரியவர் ஒருவர் தினமும் "சாவுபோனா, டைகர்" என்று அதற்குத்தான் முதலில் வணக்கம் சொல்வார், அப்புறம்தான் எனக்கு. வாரைத் தளர்த்திப் பிடித்தால் டைகர் அவரிடம் வாலை ஆட்டுகிறது.

இந்த மாதத்தில் ரோட்டோரம் ஓடுகிறவர்களும் அதிகம். எங்கள் ஊருக்கும் டர்பனுக்கும் இடையே நடக்கும் காம்ரேட்ஸ் ஓட்டத்துக்குப் பயிற்சி. 1921இல் 34 பேரோடு தொடங்கிய ஓட்டம். இப்போது ஆயிரக்கணக்கில் ஓடுகிறார்கள். தொண்ணூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்த பழக்கத்தில் என் கண் அவர்கள் முகத்துக்கு முன்னால் ஷூவுக்குத்தான் போகும். குதிகாலின் வெளிப்பக்கம் தேய்ந்திருந்தால் அந்த ஆள் பாதி வழியில் நொண்டுவார் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொள்வேன்.

வீட்டுக்கு வந்தால் வேலை காத்திருக்கும். கூரைத் தண்ணீர் ஓடும் தகரக் கால்வாயில் இலை அடைத்திருக்கும், ஏணி வைத்து அள்ள வேண்டும். இதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை, அலுப்பான வேலை. எலுமிச்சை ஊறுகாய் அப்படியில்லை. மழை இல்லாத இந்த வெயில் அதற்கென்றே அமைந்தது. பழத்தைக் கழுவி, ஈரம் துளிகூட இல்லாமல் துடைத்து, அடி விட்டுப்போகாதபடி நாலாகக் கீறி, உள்ளே கல்லுப்பை அடைத்து ஜாடியில் போடுவாள் என் மனைவி. ஜாடியை வெயிலில் வைத்து எடுப்பது என் பொறுப்பு. நாள்தோறும் ஒருமுறை குலுக்கிவிட வேண்டும். தோல் மஞ்சளிலிருந்து பழுப்புக்கு மாறி, விரலால் அழுத்தினால் அமுங்க வேண்டும். அதுவரை மிளகாய்த்தூள் பக்கம் போகக்கூடாது என்பது அவள் சட்டம்.

கொல்லையில் கொய்யாவும் இப்போதுதான் பழுக்கிறது. மரத்தில் இருப்பது குரங்குக்கு. ஒரு கடி கடித்துவிட்டு எறியும். கீழே விழுவது டைகருக்கு. மீதிதான் எங்களுக்கு.

மத்தியானம் சந்தைக்குப் போவோம். நடைபாதையில் ஸூலுப் பாட்டிமார் மடும்பி குவித்து விற்பார்கள். நம் சேப்பங்கிழங்குதான், மண் உதறாமல் இருக்கும். புளி விட்டுக் குழம்பு வைத்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு பாட்டிக்குச் சொன்னேன். அவித்து உப்புத் தொட்டுத் தின்பதை விட்டுவிட்டு இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று சிரித்துவிட்டார்.

நேரம் இருந்தால் தாவரவியல் பூங்காவுக்குப் போவோம். அங்கே 1908இல் நட்ட, இலை உதிர்க்கும் பிளேன் மரங்கள் இரண்டு வரிசையாக நிற்கின்றன. டர்பனில் இருப்பவர்களுக்கு இலை உதிர்வது என்றால் என்னவென்று அவ்வளவாகத் தெரியாது, அங்கே மரமெல்லாம் வருஷம் முழுக்கப் பச்சை. எங்கள் ஊரில் காலை வைத்தால் சரசரவென்று சத்தம் வரும். ஹோவிக் அருவியை எல்லோரும் சொல்வார்கள், 95 மீட்டர் உயரம், போய்ப் பார்க்கலாம். ஆனால் விருந்தாளி வந்தால்தான் நாங்கள் அங்கே போகிறோம்.

சாயங்காலம் ஐந்தேகாலுக்கே இருட்டிவிடும். அதற்குள் டைகரைக் கவிழ்த்துப் போட்டு உண்ணி பார்க்க வேண்டும். காதின் உள்மடிப்பு, விரலிடுக்கு, வாலடி. இங்கே உண்ணியால் பிலியரி என்ற காய்ச்சல் வரும். நாய் சாப்பிடாமல் சுருண்டு படுத்து, ஈறு வெளுத்துப்போனால் விடியும்வரை காத்திருக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். குளிர் வந்துவிட்டதே, உண்ணி இருக்காது என்று இருந்துவிடாதீர்கள். மே மாதத்திலும் இருக்கும்.

கொய்யா இந்த வருஷம் எங்களுக்கு மிஞ்சித்தான் கிடக்கிறது. நார்த்டேல் பக்கம் வருகிறவர்கள் பையோடு வாருங்கள். நாய் குரைக்கும், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சரியாகிவிடும். வணக்கம்.